கிள்ளானுக்கு மோட்டாரில்

கோலாலம்பூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்கிறார்கள். முதுகுப் பக்கம் நெஞ்சுக்கு வந்துவிடும். ஜிப் முதுகில் திறந்தபடி காற்றில் படபடக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னலில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அரசு அலுவலகத்து அடையாள அட்டை தொங்கும் பெரியவர், தலைக்கு முக்காடு போட்ட மலாய்ப் பெண், கழுத்தில் உருத்திராட்சம் கட்டிய நம்மாள் என்று ஒருவரும் விலக்கில்லை. யோசித்தால் நியாயம் புரிகிறது. எதிர்க்காற்று, புகை, தூறல் மூன்றும் நெஞ்சில் படக்கூடாது. ஆனால் முதுகு வேர்த்து உள்சட்டை நனையவும் கூடாது. இறங்கியதும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி உருவிவிட்டால் சட்டை மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகலாம். குளிர்நாட்டு உடுப்பை இந்தப் புழுக்கத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மலேசியர்கள் கண்ட விடை.

எனக்கும் அப்படி ஒன்றை மாட்டிவிட்டவன் என் நண்பரின் தம்பி. கிள்ளானில் வீடு, சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை. அதற்கு முன் கூட்டரசு நெடுஞ்சாலையில் காரில் போயிருந்தேன். போயிருந்தேன் என்பதைவிட, நின்றிருந்தேன் என்பதுதான் சரி. சாயங்கால ஜாமில் முன்னால் நின்ற காரின் பின்விளக்கு மனப்பாடமாகிவிட்டது. அதைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

“கார்ல போனா ஒண்ணும் தெரியாதுண்ணே. மோட்டார்ல ஏறுங்க. அந்த ரோட்டுக்குள்ள இன்னொரு ரோடு இருக்கு, காட்றேன்.”

கூட்டரசு நெடுஞ்சாலை, அரசுக் கணக்கில் இரண்டாம் எண் சாலை. கோலாலம்பூரில் புறப்பட்டு பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம் வழியே முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிக் கிள்ளானை அடைகிறது. அதற்கப்பால் துறைமுகம். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு நகரங்களை இணைக்கும் சாலை. ஆனால் நடுவில் வெறும் நிலம் என்று ஒன்று கண்ணில் படவேயில்லை. ஒரு நகரம் முடிகிற இடத்தில் அடுத்த நகரத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது, அவ்வளவுதான். நகரங்கள் இருந்ததால் சாலை வந்தது என்று நாம் எண்ணுவோம். இங்கே பாதிக்கு மேல் சாலை வந்த பிறகு முளைத்தவை. பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கம் வரை எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டம். ஷா ஆலம் இருக்கும் இடத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா பக்கம் சீஃபீல்ட் தோட்டம். பால்மரம் நின்ற வரிசையில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரம் இந்த வழித்தடத்திலேயே முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. முதலில் கிள்ளான். ஈயச் சுரங்கக் காசு கோலாலம்பூரில் புரளத் தொடங்கியதும் 1880இல் ஆங்கிலேயர்கள் தலைநகரை அங்கே தூக்கிப்போனார்கள். 1974இல் கோலாலம்பூரை மாநிலத்திடமிருந்து பிரித்துக் கூட்டரசு வைத்துக்கொண்டது. 1978இல் ஷா ஆலம் தலைநகரானது. ஆக, பாதி தூரம் திரும்பி வந்துவிட்டது.

கோலாலம்பூர் முடிகிற இடத்தில் சாலைக்குக் குறுக்கே வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய தோரண வாயில் நிற்கிறது. கோத்தா டாருல் ஏசான். 1974 பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூர் கைமாறியதன் நினைவாகச் சிலாங்கூர் கட்டியது. கையெழுத்துப் போட்ட அன்று சுல்தான் கண் கலங்கினார் என்று சொல்வார்கள். வெற்றிக்குத் தோரணம் கட்டிப் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுத்த ஊருக்கு இவ்வளவு பெரிய வாயில் கட்டிப் பார்த்ததில்லை. காரில் வந்தபோது அதன் அடியில் நெடுநேரம் நின்றதால் வளைவின் வேலைப்பாட்டை ஆற அமரப் பார்க்க முடிந்தது. மோட்டாரில் இமைப்பதற்குள் கடந்துவிட்டோம். ஜாமுக்கும் சில பலன்கள் உண்டு.

பெட்டாலிங் ஜெயாவுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் தம்பி இடப்பக்கம் ஒடித்தான். தடுப்புச் சுவருக்கு அப்பால் சரிவில் இறங்கி ஒரு ஒடுங்கிய தார்ப்பாதையில் விழுந்தோம். அதுதான் அவன் சொன்ன இன்னொரு ரோடு.

மோட்டார்களுக்கு மட்டுமான தடம். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகலாம். மூன்றாவது முந்த நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரிய சாலைக்கு ஒட்டினாற்போல், ஆனால் அதனுடன் சேராமல் ஓடுகிறது. சில இடங்களில் அதற்கு மேலே, பெரும்பாலும் கீழே. எங்கெல்லாம் பெரிய சாலையிலிருந்து கிளை பிரிகிறதோ அங்கெல்லாம் இந்தத் தடம் தலையைக் குனிந்து ஒரு பொந்துக்குள் நுழைந்து மறுபக்கம் எழுகிறது. தாழ்வான கான்கிரீட் குழாய், உள்ளே நுழைந்ததும் இருட்டு, இருட்டுக்குள்ளேயே ஒரு வளைவு, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர். முதல் குழாயில் நான் தம்பியின் இடுப்பைப் பிடித்த பிடியில் அவன் நெளிந்தான். மேலே லாரிகள் உருளும் அதிர்வு ஹெல்மெட்டுக்குள் இறங்குகிறது. எதிரே வெளிச்சத்தின் அரைவட்டம் பெரிதாகிக்கொண்டே வர, பளீரென்று வெயிலில் வந்து விழுந்தால் தலைக்கு மேல் கார்கள் நின்றுகொண்டிருக்கின்றன. நாங்கள் அறுபதில் போகிறோம்.

மலேசியாவில் முதன்முதலில் மோட்டார்களுக்கென்று போடப்பட்ட தனித்தடம் இதுதான். 1970களில் உலக வங்கிக் கடனில் தொடங்கியது, பிறகு நீட்டினார்கள். அந்த நாட்டில் ஓடும் வண்டிகளில் ஏறக்குறைய பாதி மோட்டார். சாலை விபத்தில் சாகிறவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் மோட்டாரில் வந்தவர்கள். இந்தத் தடத்தைப் பற்றி மலேசியப் பொறியாளர்கள் ஆய்வு செய்து, மோட்டார் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாகக் கண்டார்கள். சாலைப் பாதுகாப்பு பற்றிய கட்டுரைகளில் இந்தப் பெயரற்ற தடத்தை உலக அளவில் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

அதை ஒப்புக்கொண்டே எனக்கு இன்னொன்றும் தோன்றியது. சிறிய வண்டிக்காரனைக் காப்பாற்றப் போட்ட வழியா, பெரிய வண்டிக்காரனின் கண்ணிலிருந்து அவனை அப்புறப்படுத்தப் போட்ட வழியா? இரண்டும்தான் போலிருக்கிறது. மேலே போகும் சாலைக்கு வழிகாட்டிப் பலகை, விளக்கு, கோடு, பூச்செடி எல்லாம் உண்டு. கீழே மிஞ்சிய இடம். வாய்க்காலும் வேலியும் விட்டுவைத்த இடுக்கில் வளைந்து நெளிந்து போகிறது. சில திருப்பங்களைப் பார்த்தால் படம் வரைந்த பொறியாளர் ஒருநாளும் மோட்டாரில் ஏறியிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்லலாம்.

சுபாங் தாண்டும்போது மழை பிடித்தது. அந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. வானம் இருண்ட மூன்றாவது நிமிடம் கொட்டிவிடும். எங்களுக்கு முன்னும் பின்னும் வந்த வண்டிகள் எல்லாம் ஒரு மேம்பாலத்தடியில் போய் ஒதுங்கின. நாற்பது ஐம்பது இருக்கும். யாரும் யாரையும் பார்த்துச் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு உணவு விநியோகப் பையன் பச்சைப் பெட்டியைத் திறந்து சூடு போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்து மூடினான். வங்கதேசத்துத் தொழிலாளிகள் இருவர் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்தார்கள். என் பக்கத்தில் பாஜூ கூரோங் அணிந்த ஒரு மலாய்ப் பெண் நின்றிருந்தாள். வண்டி இருக்கையைத் தூக்கி மழைக்கால்சட்டையை எடுத்தாள். நீளப் பாவாடையை முழங்கால்வரை சுருட்டிக் கால்சட்டைக்குள் திணித்தாள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு ரப்பர் செருப்புக்கு மாறினாள். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். மேலுறையை மாட்டி, முக்காட்டின் நுனியை உள்ளே செருகி, ஹெல்மெட்டைக் கவிழ்த்து, கிளம்பிப் போயே போய்விட்டாள். எனக்கு ஹெல்மெட் பட்டையை மாட்டவே அத்தனை நேரம் ஆகும்.

“அது டெய்லி வருதுண்ணே. அதுக்கு மழைல்லாம் ஒண்ணுமில்ல,” என்றான் தம்பி.

மழை தணிந்து புறப்பட்டபோது இன்னொரு காட்சி. முன்னால் ஒரு வண்டி எஞ்சின் ஓசையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்தவன் தன் இடக்காலை நீட்டி அதன் பின்பக்கக் கால்மிதியில் ஊன்றி, தன் வண்டியின் வேகத்தில் அதையும் தள்ளிக்கொண்டு வந்தான். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. குழாய் வந்தால் முன்னவன் கையைக் காட்டுகிறான், பின்னவன் வேகத்தைக் குறைக்கிறான். தெரிந்தவர்களா என்று கேட்டேன். “தெரிஞ்சவனா இருக்கணும்னு இல்ல. நின்னுட்டா யாராச்சும் தள்ளிட்டுப் போவாங்க, கடை வர்ற வரைக்கும்.” காசு? “எதுக்கு?” என்று திருப்பிக் கேட்டான்.

பத்து தீகாவில் பெரிய சாலைமேல் முன்பு சுங்கச்சாவடி இருந்தது. கிள்ளான் பக்கம் சுங்கை ராசாவில் இன்னொன்று. 2018 ஜனவரி முதல் தேதியோடு இரண்டிலும் வசூலை நிறுத்திவிட்டார்கள். கீழே போகிறவர்களுக்கு இது செய்தியே இல்லை. மோட்டாருக்கு முன்பும் சுங்கம் கிடையாது.

பத்து தீகா என்றால் பந்தயப் பிரியர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1968இல் திறந்த கார் பந்தயத் திடல் இங்கேதான் இருந்தது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று இங்கே நடந்தது. பிறகு செப்பாங்கில் புதுத் திடல் வந்ததும் இதற்கு மவுசு போய், 2003இல் இடித்து வீடுகள் கட்டினார்கள். உலகத்தின் அதிவேக மோட்டார்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, எட்டு மணி ஷிஃப்டுக்கு முகம் கழுவாமல் ஓடும் தொழிலாளிகளின் தடம். பந்தயம் போய்விட்டது, இது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பிக்கு அந்தத் திடலைப் பற்றி அப்பா சொல்லித் தெரியும். சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்குமாம்.

ஷா ஆலத்தில் சாலைக்கு வெளியே நீலக்கூரைப் பள்ளிவாசல் எழுந்து நிற்கிறது. சுல்தான் சலாவுதீன் அப்துல் அசீஸ் பள்ளிவாசல், 1988இல் கட்டி முடித்தது. கூரைக் கோளத்தின் குறுக்களவு 51 மீட்டர், நான்கு கோபுரங்களும் தலா 142 மீட்டர் உயரம். கோபுரத்தின் அளவுகளைப் படிக்கும்போது எண்ணாகத்தான் இருந்தது. தடத்தின் பள்ளத்திலிருந்து பார்க்கும்போது பள்ளிவாசல் முழுதாகத் தெரியாது. மேட்டில் ஏறினால் கோளம், இறங்கினால் கோபுர நுனி, குழாய்க்குள் போய் வந்தால் இடம் மாறிய கோபுரம். காரில் போனவனுக்கு இந்தக் கண்ணாமூச்சி கிடைக்காது. மழைக்குப் பிந்திய வெயில் நீலத்திலும் வெள்ளியிலும் பட்டுத் தெறித்ததில் ஒரு கணம் தம்பியே தலையைத் திருப்பினான். தினமும் பார்க்கிறவன்.

பாடாங் ஜாவா தாண்டினால் கிள்ளான் எல்லை. 2024 பிப்ரவரியில்தான் அதற்கு மாநகரத் தகுதி கொடுத்தார்கள். சிலாங்கூரின் பழைய தலைநகரம், அரண்மனை இருக்கும் ஊர் அது. இருந்தும், தோட்டங்களில் பிறந்த பிள்ளை ஊர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் அதன் முறை வந்தது. பெயர்ப்பலகைகளில் இங்கே தோட்டங்களின் பெயர்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன. புக்கிட் ராஜா இப்போது கிடங்குகளும் பேரங்காடியும் வீடமைப்பும். ஹைலண்ட்ஸ் தோட்டம் என்ற பெயரைச் சொல்லித் தம்பி கையைக் காட்டினான். “எங்க தாத்தா அங்கதான் பால் வெட்டுனாரு.”

அந்தப் பெயர்களை நான் ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். 1941ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ நாளிதழில் உதவியாசிரியராக இருந்தவர். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் கைவைக்காதிருத்தல், சங்கம் வைக்க உரிமை எல்லாம் இருந்தன. இவற்றோடு ஒன்று: துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும்.

கூலி கேட்பதும் படிப்பு கேட்பதும் புரிகிறது. வண்டியிலிருந்து இறங்காமலிருக்க எழுத்தில் மனு கொடுக்கவேண்டியிருந்தது என்பதைத்தான் அந்தப் புத்தகத்தை மூடிய பிறகும் விட முடியவில்லை. தோட்டத்து மண்சாலையில் சைக்கிளை மிதித்து வரும் ஒருவன், எதிரே வெள்ளைத் தொப்பி தெரிந்ததும் குதித்திறங்கி வண்டியைப் பிடித்தபடி ஓரமாக நிற்கிறான். அவர் போன பிறகு ஏறுகிறான். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள், மாநிலத்தில் அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னது தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் உட்கார்ந்த பிறகு. கிள்ளானின் குட்டி இந்தியா அது. புடவைக் கடைகள், பூக்கட்டும் ஆட்கள், ஒலிபெருக்கியில் பாட்டு, வாழையிலைச் சாப்பாடு. கொஞ்ச தூரத்தில் 1890களில் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயில். அவன் தே தாரே டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

“இறங்கணுமா? எதுக்கு?”

“மரியாதைக்கு.”

“ரோடு அவங்களுதா?”

“தோட்டமே அவங்களுது.”

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். ரொட்டியைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்தான். “எங்க பாட்டி சயாம் மரண ரயில் கதை சொல்லியிருக்கு. அவங்க அண்ணன் போயித் திரும்பலை. இது யாரும் சொல்லலையே,” என்றான். அந்த ஊரில் நான் பேசிய வேறு பெரியவர்களிடமும் இதே கதைதான். ஜப்பான்காரன் காலம் எல்லா வீட்டிலும் பேசப்படுகிறது. அதற்கு ஏழு மாதம் முந்திய வேலைநிறுத்தம் புத்தகத்தோடு நின்றுவிட்டது. பெருந்துயரம் வந்தால் அதற்கு முந்திய சின்னப் போராட்டம் அதன் நிழலில் மறைந்துவிடும்போல.

இருட்டிய பிறகு என்னைக் கோலாலம்பூரில் கொண்டுவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் அவன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “நீங்க கொம்யூட்டர் ரயில்ல போயிடுங்கண்ணே,” என்றான். ராத்திரியில் அந்தத் தடத்துக்குள் அவன் போவதில்லையாம். விளக்கு சில இடத்தில் எரியாது, குழாய்க்குள் ஆள் நின்று மறிப்பார்கள், பை பறிபோகும். அப்படியானால் இரவு ஷிஃப்ட் முடிந்து எப்படி வருவாய் என்றேன். “மேலதான். கார்காரன் ஹாரன் அடிப்பான், போலீஸ் பிடிச்சா சம்மன். அடிச்சா அடிக்கட்டும்.” தனித்தடம் இருக்கும் இடத்தில் மோட்டார் அதில்தான் போகவேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்கள் இரவு பதினொரு மணிக்கு அந்தக் குழாய்க்குள் நுழைந்து பார்த்தால் ஒன்று விதி மாறும், இல்லை விளக்கு எரியும்.

ரயில் நிலையம் வரை விட வந்தான். இந்தச் சாலைக்கு மூத்த வழி இதுதான். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை தண்டவாளம் வந்தது. ஆற்றுக்குப் பாலம் போட்டு 1890இல் கிள்ளானுக்குள் கொண்டுவந்தார்கள். ஈயம் படகில் போன காலம் அத்தோடு முடிந்தது. நடைமேடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தம்பி கேட்டான்.

“அப்ப அவங்க கேட்டது கெடைச்சிச்சா? அந்தச் சைக்கிள் விஷயம்?”

டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான் என்றேன். அடுத்த மாதம் கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் பலர் அதற்குமுன்பே சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டார்கள். ஜப்பான் பட்டாளத்தில் நிறையப் பேர் இந்த நாட்டைச் சைக்கிளில்தான் கடந்து வந்தார்கள்.

“சைக்கிள்லயா?”

“சைக்கிள்ல.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று முகத்தைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்துத் தட்டிப் பார்த்தான். படம் வந்தது. வரிசை வரிசையாகச் சிப்பாய்கள், ஒவ்வொருவன் முதுகிலும் மூட்டை. விரலால் பெரிதாக்கி முன்சக்கரத்தையும் பிரேக்கையும் ஆராய்ந்தான். என் ரயிலுக்கு அறிவிப்பு வந்ததும், “ஹெல்மெட்டக் குடுங்கண்ணே, நாளைக்குக் காலை ஷிஃப்ட்டு,” என்று வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.